உரத்தை நிறுத்தியும் பாசி அடங்கவில்லை: வாயு ஏற்றாத செடித்தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு உரம்?

#1 வெள்ளிக்கெண்டை | கொளத்தூர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். ஐந்து மாதமாக ஒரு செடித்தொட்டி, அதாவது நீர்ச்செடி வளர்க்கும் மீன்தொட்டி, வைத்திருக்கிறேன். முதல் இரண்டு மாதம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இப்போது அதன் முன்னால் உட்காரவே மனம் கனக்கிறது.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குக்கு 70 லிட்டர். சரளையும் மரக்கட்டையும் போக 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர். செடிக்காகக் கார்பன் டை ஆக்சைடு வாயு ஏற்றுவதில்லை. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரின் வென்டி, வாலிஸ்னேரியா, நீர்ப்பிரமி வைத்திருக்கிறேன். கப்பி மீன்கள் பன்னிரண்டு. போர்வெல் தண்ணீர்: டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 900, பி.எச். 8.

விளக்கு, மின்சாதனக் கடையில் வாங்கிய 30 வாட் எல்.இ.டி. ஃப்ளட் லைட். காலை 9 மணியிலிருந்து இரவு 10 வரை எரிகிறது. செடிக்கு வெளிச்சம் கூடக் கூட நல்லது என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாவது மாதம் அனுபியாஸ் இலை ஓரங்களில் கறுப்பாக, தாடி முளைத்தது போலப் பாசி வந்தது. பிறகு நூல் பாசி. எங்கள் பகுதியில் வண்ணமீன் கடைகளுக்குப் பஞ்சமில்லை; கேட்ட இடத்தில் எல்லாம் "உரத்தை நிறுத்துங்கள், பாசி உரத்தில்தான் வளர்கிறது" என்றார்கள். நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. பாசி குறையவில்லை. செடிதான் குறைகிறது. நீர்ப்பிரமியின் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. ஜாவா ஃபெர்னின் பழைய இலைகளில் ஊசியால் குத்தியது போல ஓட்டைகள். நைட்ரேட் சோதித்தால் நிறமே மாறுவதில்லை, ஏறத்தாழ பூஜ்ஜியம்.

சிலிண்டர் வாங்கி வாயு ஏற்றினால்தான் சரியாகுமா? அதற்கு என்னிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை. ஆனால் செடிகளை விட்டுவிடவும் மனம் வரவில்லை.

#2 சிறுவாணி | கோயம்புத்தூர்

நான்கு கேள்விகள். விளக்கு தண்ணீர் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்? ஜன்னல் வெயில் விழுகிறதா? மீனுக்கு எத்தனை வேளை உணவு? தண்ணீர் எப்போது மாற்றுகிறீர்கள்?

#3 வெள்ளிக்கெண்டை

விளக்கு மூடி மேலேயே இருக்கிறது, இரண்டு அங்குல உயரம்தான். கிழக்கு ஜன்னல், காலையில் ஒரு மணி நேரம் பக்கக் கண்ணாடியில் வெயில் விழும். உணவு இரண்டு வேளை, ஒரு சிட்டிகை. ஞாயிற்றுக்கிழமைகளில் கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன்.

#4 கொட்டிக்கிழங்கு | கும்பகோணம்

தம்பி, சிலிண்டர் வேண்டாம். உங்கள் தொட்டியில் குறை உரத்தில் தொடங்கவில்லை, விளக்கில் தொடங்கியது. அதைச் சரிசெய்யாமல் உரத்தை நிறுத்தியதால் ஒரு நோய் இரண்டாகிவிட்டது.

இருபது வருடமாக வாயு ஏற்றாத தொட்டிகள்தான் வைத்திருக்கிறேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கே நாலைந்து வருடம் பிடித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செடிக்குச் சோறு என்றால் அது கார்பன்தான். தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அந்தச் சோற்றுக்குக் குழம்பு, பொரியல். காற்றோடு சமநிலையில் நிற்கும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு அரை மில்லிகிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மீனின் மூச்சும் சரளையில் மக்கும் கழிவும் சேர்ந்தால் இரண்டு, மூன்று மில்லிகிராம் வரை போகலாம். வாயு ஏற்றுபவர்கள் வைத்திருப்பது 30 மில்லிகிராம் அளவில். இந்த வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நம் தொட்டியில் செடி எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதற்குக் கார்பன் ஓர் எல்லை கட்டிவிட்டது. வெளிச்சம் என்பது அந்த ஓட்டத்துக்கு விரட்டும் சாட்டை. ஓட முடியாத மாட்டைச் சாட்டையால் அடித்தால் என்ன ஆகும்? செடி நொந்து போகும். பாசிக்கோ மிகக் குறைந்த கார்பன் போதும், மிகக் குறைந்த சத்து போதும். செடி பயன்படுத்த முடியாமல் மிச்சம் விடும் வெளிச்சம் முழுவதும் அதற்குத்தான்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் தரும். 30 வாட் என்றால் 3,000 லூமன். 60 லிட்டருக்கு வகுத்தால் லிட்டருக்கு 50. வாயு ஏற்றாத தொட்டிக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லூமன் தாராளம். அதுவும் நீங்கள் வைத்திருப்பவை எல்லாமே நிழலில் வாழத் தெரிந்த செடிகள். நீர்ப்பிரமி ஒன்றுதான் கொஞ்சம் வெளிச்சம் கேட்கும். போதாததற்குப் பதின்மூன்று மணி நேரம். 3,000 லூமன் பதின்மூன்று மணி நேரம் விழுவதையும், 1,000 லூமன் ஏழு மணி நேரம் விழுவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செடிக்குத் தேவைப்பட்டதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கொட்டியிருக்கிறீர்கள்.

லூமன் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, செடிக்கானது அல்ல, சரிதான். ஆனால் வெள்ளை எல்.இ.டி.க்கு மட்டும் பேசும்போது தோராயக் கணக்குக்கு அது போதும்.

செய்ய வேண்டியது: இரண்டடி நீளம் உள்ள 10 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு வாங்குங்கள். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் கூல் டேலைட் போதும். தனியாக "செடி விளக்கு" தேவையில்லை. ஃப்ளட் லைட் ஒரே இடத்தில் குவிந்து எரிக்கும், பட்டை விளக்கு நீளவாக்கில் பரவும். தண்ணீருக்கு மேல் நாலு அங்குலமாவது தூக்கி வையுங்கள். தினம் ஆறு மணி நேரத்தில் தொடங்குங்கள். கிழக்குப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஓர் அட்டையை ஒட்டிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரக் காலை வெயிலை நீங்கள் சாதாரணமாக நினைக்கிறீர்கள், எந்த விளக்கையும் விட அது கடுமையானது.

விளக்கைக் குறைத்து ஒரு வாரம் போன பிறகு உரத்தைத் திரும்பக் கொடுங்கள். கொஞ்சமாக, ஆனால் தவறாமல். அந்தக் கணக்கை அயிரை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

#5 அயிரை | மதுரை

கொட்டிக்கிழங்கு அம்மா சொன்னதற்கு மேல் விளக்கைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. உரக்கடை நடத்துகிறவன் என்பதால் உரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில், இலைகள் சொல்வதைக் கேளுங்கள். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி தன் பழைய இலையிலிருந்து உருவிப் புதுத் தளிருக்குக் கொடுக்கும். அதனால் அடி இலை மஞ்சளானால் நைட்ரஜன் குறை. பழைய இலையில் ஊசித் துளை விழுந்தால் பொட்டாசியம் குறை. இரும்பு அப்படி இடம் மாறாது. அது குறைந்தால் பழைய இலை பச்சையாக நிற்க, தளிர் மட்டும் வெளிறிப்போகும். உங்கள் தொட்டியில் முதல் இரண்டும் அப்பட்டமாகத் தெரிகின்றன. நைட்ரேட் பூஜ்ஜியம் என்பது சாதனை இல்லை நண்பரே, அது பட்டினி. ஏதோ ஒரு சத்து தீர்ந்த இடத்தில் மொத்த வளர்ச்சியும் நிற்கும் என்பது ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் காலத்திலிருந்து வேளாண்மையின் அரிச்சுவடி.

வயலுக்குச் சொட்டுநீரில் விடும், நீரில் முழுதும் கரையும் உரங்களே இதற்குப் போதும். ஒரு கிலோ பாக்கெட் வாங்கினால் இந்தத் தொட்டிக்கு ஆயுசுக்கும் வரும். நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பொட்டாசியம் நைட்ரேட், பையில் 13:0:45 என்று இருக்கும் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்): 20 கிராம்.
மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், 0:52:34: 2 கிராம்.
பொட்டாசியம் சல்பேட், 0:0:50: 15 கிராம்.

மூன்றையும் அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் ஊற்றுங்கள். வாரம் 10 மில்லி. உங்கள் 60 லிட்டருக்கு அது நைட்ரேட் ஏறத்தாழ 4 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் அரை பி.பி.எம்.முக்குச் சற்றுக் குறைவு, பொட்டாசியம் 5 பி.பி.எம்.முக்குச் சற்றுக் குறைவு கொடுக்கும். தண்ணீர் மாற்றிய அன்று ஊற்றினால் மறக்காது. எடை போட நகை நிறுக்கும் சிறு தராசு போதும். தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம்.

இரும்பும் நுண்சத்தும் தனி பாட்டிலில்தான் இருக்க வேண்டும். பாஸ்பேட்டோடு அடர்த்தியாகக் கலந்தால் இரும்பு வீழ்படிவாக அடியில் உட்கார்ந்துவிடும். சென்னைக்காரர்கள் பலர் தவறும் இடமும் இதுவே. இரும்பு தண்ணீரில் கரைந்தே நிற்க அதை ஒரு வேதிப்பொருளோடு பிணைத்து விற்பார்கள்; கடையில் மலிவாகக் கிடைப்பது இ.டி.டி.ஏ. பிணைத்த இரும்பு. பி.எச். 6.5 தாண்டினால் அந்தப் பிணைப்பு தளர்ந்துவிடும். உங்கள் 8 பி.எச். தண்ணீரில் அதை ஊற்றினால் செடி வாய் வைப்பதற்குள் துருவாகிப் போய்விடும். டி.டி.பி.ஏ. பிணைப்பு ஏறத்தாழ 7.5 வரை தாங்கும். இ.டி.டி.எச்.ஏ. பிணைப்பு 9 வரை தாங்கும், ஆனால் தண்ணீரைச் சிவப்பாக்கும். நான் சொல்வது: டி.டி.பி.ஏ. இரும்பு ஒன்றரை கிராமைக் கால் லிட்டரில் கரைத்து, வாரம் 10 மில்லியை ஒரே நாளில் ஊற்றாமல் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக் கொடுங்கள். மொத்தம் 0.1 பி.பி.எம். வரும். விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் கொடுத்தால் பாழாவதற்குள் கொஞ்சமாவது செடிக்குள் போகும்.

இப்போது எச்சரிக்கை. 19:19:19 வாங்காதீர்கள். "எல்லாச் சத்தும் ஒன்றாக இருக்கிறதே" என்று ஆசை காட்டும். அதன் தழைச்சத்தில் யூரியாவும் அம்மோனியமும் இருக்கின்றன. 12:61:0, டி.ஏ.பி., யூரியா எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். பி.எச். 7இல் இருப்பதைவிட 8இல், மீனைக் கொல்லும் அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு கூடும். தொட்டிக்குள் போகும் நைட்ரஜன் நைட்ரேட் வடிவில் மட்டும்தான் இருக்க வேண்டும். இதில் தயவுசெய்து யாரும் சோதனை செய்து பார்க்காதீர்கள்.

#6 மண்தொட்டி | திருச்சி

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஐந்து வருடமாக ஒரு சொட்டு உரம் விடாமல் மூன்றடித் தொட்டி நடத்துகிறேன். அடியில் ஓர் அங்குலம் சலித்த தோட்டமண், மேலே ஓர் அங்குலம் சிறு சரளை. மண் போட்ட செடித்தொட்டி பற்றிப் புத்தகம் எழுதிய டயானா வால்ஸ்டாட் காட்டிய வழி. மீன் கழிவும் மண்ணும் செடிக்குப் போதும். இயற்கையாக நடக்கும் ஒன்றுக்குள் பாட்டில், தராசு, பி.பி.எம். என்று கொண்டுவந்து புதிதாக வருகிறவர்களை ஏன் பயமுறுத்த வேண்டும்? கிராம் கணக்கைப் பார்த்தே பாதிப் பேர் செடியை விட்டுவிட்டு பிளாஸ்டிக் செடி வாங்கப் போகிறார்கள்.

#7 அயிரை

உங்கள் தொட்டியின் படங்களைப் பார்த்திருக்கிறேன், அருமையான தொட்டி. ஒன்று மட்டும் கேட்கிறேன். எத்தனை மீன்? தினம் எவ்வளவு உணவு?

#8 மண்தொட்டி

சிறிதும் பெரிதுமாக முப்பத்தைந்து இருக்கும். மூன்று வேளை உணவு. வால்ஸ்டாட்டே தாராளமாக உணவு போடச் சொல்கிறார்.

#9 அயிரை

அப்படியானால் நீங்களும் உரம் போடுகிறீர்கள். அது மீன் உணவு டப்பாவில் வருகிறது. உணவில் இருக்கும் புரதம் மீன் வழியாக அம்மோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாகிறது. பாஸ்பேட்டும் அதிலேயே வருகிறது. பொட்டாசியமும் இரும்பும் உங்கள் மண்ணிலிருந்து வருகின்றன. அத்தோடு மண்ணில் மக்கும் பொருள் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. முழுமையான ஏற்பாடு, அதனால் நடக்கிறது. வெள்ளிக்கெண்டையிடம் இருப்பது வெறும் சரளை, பன்னிரண்டு கப்பி, இரண்டு சிட்டிகை உணவு. அவருடைய செடிக்கு அந்தச் சத்து எங்கிருந்து வரும்? உங்கள் அனுபவம் பொய்யில்லை. அதை அப்படியே அவர் தொட்டியில் இறக்கி வைப்பதுதான் பொருந்தவில்லை.

#10 கொட்டிக்கிழங்கு

மண்தொட்டி சொல்வதில் ஒன்றை நான் வலியுறுத்துவேன்: புதிதாகத் தொடங்குகிறவர் மண் போட்டே தொடங்கலாம், முதல் ஒரு வருடம் உரக் கவலை இருக்காது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியைக் கலைத்து மண் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. மீன்கள் படும் பாடு ஒன்று. கிரிப்டோகோரினைப் பிடுங்கினால் ஒரே வாரத்தில் இலை எல்லாம் கூழாகிவிடும் என்பது இன்னொன்று.

இந்தப் பேச்சோடு சேர்த்து இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் செடித்தொட்டி வல்லுநர் டாம் பார் வகுத்த முறை கிடைக்கும்: வாரம் பாதித் தண்ணீர் மாற்று, உரத்தைத் தேவைக்கு மேல் கொட்டு. அது பலத்த விளக்கும் வாயுவும் உள்ள தொட்டிக்கு வகுத்தது. அதில் உள்ள அளவை நம் தொட்டியில் போட்டால் செடி அதில் சிறு பங்கைத்தான் எடுக்கும். ஆனால் "சத்து மிகுதி மட்டுமே பாசியைக் கொண்டுவராது" என்று அவர் அடித்துச் சொன்னது நமக்கும் பொருந்தும். நம்மூரில் இன்னும் பலர் அதை ஏற்கவில்லை. உரத்தை நிறுத்து என்ற அறிவுரையால் எத்தனை தொட்டிகள் வீணாகின என்று எண்ணினால் எனக்கு வயிறு எரிகிறது.

#11 நீலாம்பல் | யாழ்ப்பாணம்

வெள்ளிக்கெண்டைத் தம்பி, உங்கள் தண்ணீரைப் பற்றி நான் சொல்லலாம். எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்று நீர் உங்களுடையதைப் போலவே கடினம். இந்த நீரில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி வளராது, அதற்குக் காரணம் உண்டு.

கார்பன் டை ஆக்சைடு, நாங்கள் பள்ளிக்கூடத்தில் காபனீரொட்சைட்டு என்று படித்த அந்த வாயு, 8 பி.எச். நீரில் வாயுவாக மிகச் சொற்பமே இருக்கும். பெரும்பகுதி பைகார்பனேட்டாக நிற்கும். வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் அந்தப் பைகார்பனேட்டையே உடைத்துக் கார்பனை எடுக்கத் தெரிந்தவை. ஆகவே உங்கள் தொட்டியில் வாலிஸ்னேரியா மட்டும் வாடாமல் நிற்கும். இதை நான் படித்து அறியவில்லை, கையால் அறிந்தேன். என் தொட்டியில் வாலிஸ்னேரியாவின் பழைய இலையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக மாவு உதிரும். பைகார்பனேட்டை எடுத்தபின் இலைமேல் படிந்த சுண்ணாம்பு அது. ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும். ஜாவா மாஸ் போன்ற செடிகளுக்கு இந்த வித்தை தெரியாது. கடின நீரில் அவை தேங்கி நிற்கும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று. வென்டி எங்கள் இலங்கைக்கே உரிய செடி. ஈரவலயத்தில் கிரிப்டோகோரின் நிற்கும் ஓடைகளைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே மரங்கள் கவிந்திருக்கும், நடுப்பகலிலும் சூரியன் நாணயம் நாணயமாகத்தான் விழும். பகல் பன்னிரண்டு மணி நேரம்தான், ஆனால் நேர் வெயில் அதன் இலையில் விழுவது சிறிது நேரமே. அந்தச் செடிக்குப் பதின்மூன்று மணி நேர ஃப்ளட் லைட் என்று வாசித்தபோது எனக்குப் பாவமாக இருந்தது.

பசளை விடயத்தில் அயிரை சொன்னதே என் அனுபவமும். உங்கள் நீரில் கல்சியமும் மக்னீசியமும் தேவைக்கு மேலே கிடக்கின்றன, அவற்றை வாங்கி ஊற்றாதீர்கள். குறைவது பொட்டாசியம், நைட்ரேட்டு, இரும்பு.

#12 சிறுவாணி

எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், ஆனால் அதில் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகக் குறைவு. தளிர்கள் சுருண்டு வந்தன. அயிரை சொன்ன கலவையோடு, தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேட்), ஃபில்டரில் ஒரு பிடி உடைத்த கிளிஞ்சலும் போட்ட பிறகுதான் நேரானது. கோவைக்காரர்கள் யாராவது இதை வாசித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

#13 வெள்ளிக்கெண்டை

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வாலிஸ்னேரியா இலையை இழுத்துப் பார்த்தேன். சொரசொரப்பு அப்படியே இருக்கிறது!

10 வாட் பட்டை விளக்கு வாங்கிவிட்டேன். கண்ணாடியில் அட்டை ஒட்டிவிட்டேன். மாலை 4 முதல் 10 வரை விளக்கு. அயிரை, 13:0:45 கிடைத்துவிட்டது; மற்ற இரண்டையும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏற்கெனவே இருக்கும் கறுப்புத் தாடியை என்ன செய்வது? ஹைட்ரஜன் பெராக்சைடு விடலாம் என்று ஒருவர் சொன்னார்.

#14 கொட்டிக்கிழங்கு

விடலாம், ஆனால் பாட்டிலில் உள்ள எண்ணைப் படித்துவிட்டு. நம் மருந்துக்கடையில் கொடுப்பது பெரும்பாலும் 6 சதவீதம். வெளிநாட்டுக் குறிப்புகளில் இருக்கும் அளவெல்லாம் 3 சதவீதத்துக்கு. ஆகவே சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

உங்கள் அனுபியாஸ் கட்டையில்தான் கட்டியிருக்கிறது என்றால் கட்டையோடு வெளியே எடுங்கள். நீர்த்த பெராக்சைடைச் சிறு தூரிகையால் கறுப்பு இருக்கும் ஓரங்களில் மட்டும் தடவி, இரண்டு நிமிடம் பொறுத்து, நல்ல தண்ணீரில் அலசி உள்ளே வையுங்கள். எடுக்க முடியாத இடத்துக்கு ஃபில்டரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் பாசியின் மேல் மெதுவாக விடுங்கள். ஒரு நாளில் மொத்தம் 10 லிட்டர் தண்ணீருக்கு நீர்த்த பெராக்சைடு 3 மில்லியைத் தாண்ட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாகும். அது ஒரு சிவப்புப் பாசி இனம். செத்தால்தான் உண்மை நிறம் காட்டும்.

முற்றிலும் மூடிப்போன இலைகளை வெட்டி எறியுங்கள், அவை தேறாது. "திரவ கார்பன்" என்று விற்பதை மட்டும் வாங்க வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு, வாலிஸ்னேரியாவை உருக்கிவிடும்.

#15 நீர்க்கடிகை | சேலம்

இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். என் சந்தேகம்: எனக்குக் காலையிலும் தொட்டியைப் பார்க்க ஆசை, இரவிலும் ஆசை. விளக்கை இரண்டு வேளையாகப் பிரித்து எரிய விட்டால் கெடுதலா?

#16 மண்தொட்டி

கெடுதல் இல்லை, நன்மை. வால்ஸ்டாட் சொன்னதே அதுதான். விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் செடிகள் தண்ணீரில் உள்ள வாயுவை ஏறக்குறையத் தீர்த்துவிடும். நடுவில் நாலு மணி நேரம் அணைத்தால் மீன் மூச்சும் மண்ணும் அதைத் திரும்ப நிரப்பும். அவர் ஐந்து மணி, நாலு மணி ஓய்வு, மறுபடி ஐந்து மணி என்று வைத்தார். மண் இல்லாத தொட்டிக்கு மூன்றரையும் மூன்றரையும் போதும்.

டைமர் வாங்கும்போது கவனம். பல் சக்கரம் சுற்றும் பழைய டைமர், மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். இரண்டு மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு உங்கள் அட்டவணை இரண்டு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

#17 வெள்ளிக்கெண்டை (மூன்று வாரம் கழித்து)

நிலவரம் சொல்கிறேன். நூல் பாசி பாதிக்கு மேல் போய்விட்டது. பெராக்சைடு தடவிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாகி, பிறகு வெளுத்து உதிர்ந்தது. ஆனால் கிரிப்டோகோரினில் நாலு இலைகள் கண்ணாடி போலாகிக் கரைந்துவிட்டன. ஜாவா ஃபெர்ன் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. உரத்தைக் கூட்டலாமா?

#18 கொட்டிக்கிழங்கு

கூட்டாதீர்கள். ஓட்டை விழுந்த இலை மூடிக்கொள்ளாது, அந்தத் தழும்பு இலை இருக்கும்வரை இருக்கும். பழைய இலையைப் பார்த்துத் தொட்டியை மதிப்பிடாதீர்கள். ஜாவா ஃபெர்னில் இனி வரும் இலையில் ஓட்டை விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். கிரிப்டோகோரின் வெளிச்சம் மாறினாலே இலையை உதிர்க்கும். வேர் உயிரோடு இருக்கிறது, கை வைக்காமல் விடுங்கள்.

வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளக்கு, உரம், உணவு மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

#19 அயிரை

அனுபியாஸ் இலைமேல் பச்சைப் புள்ளிகள் கெட்டியாக ஒட்டியிருந்தால் மட்டும் சொல்லுங்கள். கட்டைவிரலால் தேய்த்தாலும் போகாது, பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டினால்தான் வரும். என் அனுபவத்தில் அது பாஸ்பேட் குறைந்த தொட்டிகளில்தான் அதிகம். அப்போது 0:52:34ஐ மட்டும் 2 கிராமிலிருந்து 3 கிராமாக்கலாம்.

#20 வெள்ளிக்கெண்டை (ஒன்பதாவது வாரம்)

இன்று காலை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிரிப்டோகோரின் கரைந்த இடத்தில் சரளையை விலக்கிக்கொண்டு மூன்று குருத்துகள் வந்திருக்கின்றன. முதல் குருத்து ஊதுபத்தி போலச் சுருண்டு, செம்பு நிறத்தில் நின்றது. நான்கு நாள் அப்படியே இருந்தது. நேற்றிரவு விளக்கு அணையும்போது நுனி லேசாகப் பிரிந்திருந்தது. இன்று பார்த்தால் முழுதாக விரிந்து, ஓரம் அலையலையாக, அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஒரு புள்ளிப் பாசிகூட இல்லை. ஜாவா ஃபெர்னில் புதிதாக வந்த ஐந்து இலைகளிலும் ஓட்டை இல்லை. கைப்பேசியின் டார்ச்சைப் பின்னால் பிடித்து ஒவ்வோர் இலையாகப் பார்த்துவிட்டேன்.

நைட்ரேட் இப்போது 5க்கும் 10க்கும் நடுவில் நிற்கிறது. அனுபியாஸில் பழைய இலைகளின் ஓரத்தில் இரண்டு மூன்று கறுப்புக் குஞ்சங்கள் இருக்கின்றன, பரவவில்லை. விளக்கு ஆறிலிருந்து ஏழு மணி நேரமாக்கி இரண்டு வாரம் ஆகிறது. இதற்கு மேல் கூட்டப்போவதில்லை.

நீர்ப்பிரமி மேல்மட்டத்தைத் தொட்டுவிட்டது. நாளை வெட்டப்போகிறேன், இருபது தண்டாவது தேறும். கொளத்தூர் பக்கம் வருகிறவர்களுக்கு ஈரத்துணியில் சுற்றித் தருகிறேன். விலை வேண்டாம்.

#21 நீர்க்கடிகை

அடுத்த வாரம் சென்னை வருகிறேன். எனக்கு ஆறு தண்டு எடுத்து வையுங்கள்.

#22 கொட்டிக்கிழங்கு

வெட்டும்போது நுனியை நட்டு அடியைக் கொடுங்கள் தம்பி. நுனிதான் சீக்கிரம் வேர் விடும், அதை உங்கள் தொட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்குப் போகிறவருக்கு மட்டும் இரண்டு நுனி சேர்த்துக் கொடுங்கள், பஸ் பயணம் தாங்க வேண்டுமே.